பதினாலாம் தேதிக் கடிதம்

சியாமளா: ...அதில்லைக்கா, இவர் வேலை விஷயமா யூனிவர்சிட்டில நடந்த விசாரணைல உங்களை உள்ள கூப்பிட்டாங்களா இல்லையா?

தவமணி: கூப்பிட்டவை... முதல்ல ஒரு மணித்தியாலம் வெளியில வாங்குப் பலகையில இருத்தி வைச்சவை. உம்மட மனுசன்ர காற்சட்டைப் பைக்குள்ள சோக்கட்டி கிடக்கும், பாத்துத் துணி தோய்க்கிற மெஷினுக்குள்ள போடும்.

சியாமளா: அவர் பையில சாக்பீஸ் இல்லாத நாள் ஏது? பேச்சை மாத்தாதீங்க. போராட்டம் பண்ற பசங்க இருந்தாங்களா?

தவமணி: ஓம், வாசலிலதான். பதினொரு நாளாய் டீன்ர அறைக்கு முன்னால வெறும் நிலத்தில கிடந்ததுகள். அவரிட்டப் படிக்கிற அந்த ஜமேக்காப் பெட்டை ஓடி வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, நீங்கள்தான் எங்கட சாட்சி எண்டாள்.

சியாமளா: மார்வா. போன வாரம் வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அவதான் சொன்னா... எழுபதுல ட்ரினிடாட் புரொபசர், எழுபத்திமூணுல கானாக்காரர், இப்ப இவர். மூணு பேருக்கும் வேலை நிரந்தரம் இல்லைன்னு ஒரே மாதிரி கடிதமாம். 'ஆராய்ச்சி போதாது.'

தவமணி: தெரியும். மூண்டையும் ரைப் அடிச்சது நான்தானே.

சியாமளா: இவர் புத்தகம் லண்டன்ல அச்சாகியிருக்கு. எதிர் ரூம் புரொபசர் ஒரு கட்டுரைகூட எழுதினதில்ல. அவருக்குப் போன வருஷமே நிரந்தரம்.

தவமணி: அவர் வெள்ளைக்காரன் பிள்ளை.

சியாமளா: நீங்க மட்டும் அன்னைக்கு இதே இடத்துல துணி மடிச்சுக்கிட்டே சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? கமிட்டி கூடினது ஜனவரி இருபது. வேண்டாம்ங்கிற கடிதத்தைப் பதினாலாம் தேதியே உங்ககிட்ட கொடுத்து அடிக்கச் சொல்லிட்டாங்க. கூடிப் பேசறதுக்கு முன்னாடியே முடிவு. இவர்கிட்ட வேற என்ன ஆதாரம் இருக்கு? இன்னைக்கு அதைத்தானே கேட்டாங்க?

தவமணி: சியாமளா... நான் கொழும்பில அரசாங்கக் கந்தோரில ரைப்பிஸ்ற்றா இருந்தனான்...

சியாமளா: சொல்லியிருக்கீங்க.

தவமணி: சிங்களச் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டு வீட்டுக்கு அனுப்பினவை. மூத்தவன் அப்ப கைக்குழந்தை. திரும்ப ஒரு மேசையில இருக்க எனக்கு எத்தினை வருஷம் எடுத்தது எண்டு...

சியாமளா: அக்கா, உள்ள என்ன நடந்துச்சு?

தவமணி: பொறும். நேற்றுப் பின்னேரம் எங்கட டிப்பார்ட்மென்ற் தலைவர் என்ர மேசைக்கு வந்தார். ஒருநாளும் வராத மனிசன். வெருட்டேல்லை. சிரிச்சுக்கொண்டு, உங்கட மனுசனுக்கு வேலை கிடைச்சிட்டுதோ எண்டு கேட்டார். ஃபாக்டரி பூட்டி ஏழு மாசம், இன்னும் இல்லை எண்டன். பிள்ளையள் எத்தினை எண்டார். மூண்டு எண்டன். அப்ப உங்கட வேலைதான் வீட்டைத் தாங்குது எண்டிட்டுப் போனார்.

சியாமளா: அவ்வளவுதானா?

தவமணி: அவ்வளவுதான்... அது போதாதோ?

சியாமளா: ...இன்னைக்கு என்ன கேட்டாங்க?

தவமணி: நீட்டு மேசைக்கு அங்கால அஞ்சு பேர். இங்கால உம்மட அவர் தனிய. என்னைக் கண்டிட்டு மெல்லத் தலையாட்டினார், வந்ததுக்கு நன்றி எண்டிற மாதிரி. அவற்ற கையில கிடைச்ச கடிதத்தில இருபத்தோராம் தேதி போட்டிருக்கு. அதுக்கு முதல் நீங்கள் ஏதும் அடிச்சனீங்களோ எண்டு கேட்டவை.

சியாமளா: நீங்க என்ன சொன்னீங்க?

தவமணி: ஞாபகம் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டு திருப்பியும் கேட்டவை. திருப்பியும் அதைத்தான் சொன்னன். அந்தப் பதினாலாம் தேதிக் கடிதத்தின்ர கார்பன் கொப்பி ஃபைலில இல்லையாம். பதினைஞ்சு நிமிசத்தில எல்லாத்தையும் முடிச்சுப்போட்டினம். வெளியில மார்வா நிண்டவள். நான் அவளின்ர முகத்தைப் பாக்காமல் மற்றப் பக்கப் படியால இறங்கிப் போனன்.

சியாமளா: ஜூன் முப்பதோட இவருக்கு வேலை முடியுதுக்கா. நாப்பத்தாறு வயசுல இனி எந்த ஊர்ல போய் ஆரம்பிக்கிறது...

தவமணி: என்னை ஏசும். ஏதாவது சொல்லும். ஒரே கட்டடத்தில இருந்துகொண்டு, உம்மட முகத்தை லிஃப்டில எப்பிடிப் பாக்கிறது எண்டுதான் வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான். நீர் வேற வழியால அறிஞ்சால்...

சியாமளா: எனக்குத் தெரியும்க்கா. மத்தியானமே அவர் வந்து சொல்லிட்டார். உங்க மேல ஒரு வார்த்தை கோபமா பேசல. 'பாவம், அந்தம்மாவுக்கு நிஜமாவே மறந்துபோச்சு'ன்னார். அது நிஜம்னு உங்க வாயால கேட்டுட்டுப் போகலாம்னுதான் நான் கீழ இறங்கி வந்தேன்.