கடைசிக் கட்டம்

அந்த டீயை அப்படியே வச்சிடுங்க தம்பி. சங்கத்தை விட்டு நீக்கறதா வேண்டாமான்னு விசாரிக்க வந்தவர் நீங்க, உபசாரம் எதுக்கு? ஆமா, முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம்னு பேசிட்டுத் திரியுதே ஒரு மன்றம், அதோட வெப்சைட்ல இருக்கறது என் பேருதான். நாற்பத்தோரு வருஷம் எதிர்ல நின்னவர் இன்னைக்கு நம்ம குடும்பத்துலன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். போட்டோகூட நம்ம மறியல்ல எடுத்ததுதான். பேனர் கம்பைத் தூக்கிப் பிடிச்சிருந்தேன். கம்பையும் பேனரையும் வெட்டிட்டான். இப்ப பார்த்தா நான் அவனுக்கு டாட்டா காட்டற மாதிரி இருக்கு.

அந்த வெப்சைட்டுக்குள்ள எதுக்குப் போனேனா? திட்டத்தான். நோட்டீஸ் படிச்சே எழுத்து கத்துக்கிட்டவன் நான். எதிரி எழுதறதைப் படிக்காம எப்படிப் பதில் எழுதறது? லைப்ரரி கம்ப்யூட்டர்ல, பட்டப்பகல்ல, நாலு பேர் பார்க்கத்தான் உக்காந்தேன்.

அடேங்கப்பா, என்ன ஜோடனை. திறந்ததும் ஹெல்மெட் மாட்டின பொண்ணு ஒண்ணு சிரிக்குது. செங்கல் தூக்கின கையா அது? நகமெல்லாம் பாலிஷ். கீழ, இந்த நிமிஷம் முந்நூத்திப் பன்னெண்டு பேர் படிக்கறாங்கன்னு ஒரு நம்பர். மறுநாள் போய்த் திறந்தேன், அதே முந்நூத்திப் பன்னெண்டு பேர். பாவம், ஒருத்தனும் சாப்பிடக்கூட எழுந்திரிக்கல போல. அப்புறம் அஞ்சு கேள்வி, நாம யார் பக்கம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுமாம். அஞ்சுக்கும் ஏறுக்கு மாறா பதில் போட்டேன், முதலாளியைத் தெருவுல நிறுத்தணும்கற வரைக்கும். நீங்க எங்க ஆளுன்னு திரை முழுக்கப் பூ தூவுது.

அது முடியறதுக்குள்ள ஒரு பெட்டி குதிச்சு வந்து நிக்கும். சேரறேன்னு பச்சையில பெரிய பட்டன். வேண்டாம்னா, எனக்கு உண்மை தேவையில்லைன்னு எழுதியிருக்கற பட்டனை அமுக்கணும். எவனுக்குக் கை வரும்? நாம குடுத்த நோட்டீஸைக் கசக்கிப் போட்டுட்டுப் போனாங்க ஜனங்க. போகட்டும்னு விட்டோம். இவன் கசக்கறவனையும் கேவலப்படுத்தித்தான் அனுப்பறான்.

வரேன், அங்கதான் வரேன். பதில் எழுதணும்னா பதிவு பண்ணணும்னான். பாரத்தை நிரப்பினேன். கடைசியில, உறுப்பினராகச் சம்மதம்னு ஒரு கட்டம். அதைப் பத்தித்தான் எனக்காக ஒரு விளக்கக் கடிதம் நீங்களே எழுதிட்டு வந்திருக்கீங்களே. டிக்கை அவனே போட்டு வச்சிருந்தான், பெரியவர் கவனிக்காம அமுக்கிட்டாருன்னு. இதுல கையெழுத்துப் போட்டா என் உறுப்பினர் கார்டு தப்பிச்சுக்கும். நல்ல மனசு உங்களுக்கு.

ஆனா அந்தப் பாரத்துல இன்னொண்ணு கேட்டிருந்தான் தம்பி. கொள்கைக்காக ஜெயிலுக்குப் போனதுண்டா, எத்தனை நாள், அப்ப வீட்டை யார் பார்த்துக்கிட்டாங்கன்னு. வலைதான், எனக்குத் தெரியாதா? இருநூத்திப் பதினோரு நாள்னு எழுதினேன். அப்பா வெளியூர் வேலையில இருக்காருன்னு பொண்ணுகிட்டப் பொய் சொல்லியே வீட்டுக்காரி சமாளிச்சாள்னு எழுதினேன். நான் எழுத எழுத அந்தப் பதில் கட்டம் பெருசாகிட்டே போச்சு. நம்ம சங்கத்து சைட்ல போன் நம்பரும் வட்டாரமும் கேட்கறதோட சரி.

பேனாவை உள்ள வைங்க. அவன் ஒண்ணும் டிக் போட்டு வைக்கல தம்பி. அந்தச் சம்மதக் கட்டம் காலியாத்தான் இருந்துச்சு.