பவுடர் பூசிய எஞ்சின்

துணுக்காய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"நேற்று என்ர காருக்கு மனிசியின்ர முகப்பவுடரைப் பூசினனான்."

"என்னத்துக்கு?"

"ஒயில் ஒழுகினது, எங்கயிருந்தெண்டு தெரியேல்லை. எஞ்சினைத் துடைச்சு, பவுடரைத் தூவி ஓட விட்டன். எஞ்சின் மூடிக்குக் கீழதான் பவுடர் நனைஞ்சுது. மூடிக்கு இடையில வைக்கிற பாக்கிங் அட்டை போயிட்டுது."

"சாமான் வராத இந்த நேரம் புதுசுக்கு எங்க போவியள்?"

"மனிசி கூறைச்சீலைப் பெட்டியின்ர மட்டையைத் தந்தவா. அதில வெட்டிப் போட்டன்."

"கலியாணப் பெட்டியையோ? அவாவுக்கு மனம் வந்ததோ?"

"அந்தக் காரிலதானே ஆனையிறவு தாண்டிக் கலியாணப் பொம்பிளையா வந்தவா."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"இப்ப ஒழுக்கு நிண்டிட்டுதோ?"

"ஓம். ஆனா எஞ்சின் சூடாக, பவுடர் மணக்குது. நான் எங்கயும் போக வெளிக்கிடாட்டியும், மனிசி வந்து பின்சீற்றில ஏறி இருக்கிறா."