மணி அடிக்கிறவள்

ஜவஹர்: ...அப்போ ஓப்பனிங்லயே ஒரு கொலை. முடிஞ்சுது மச்சி, டீ சொல்லு.

நிரஞ்சன்: ரத்தம் காட்டக் கூடாதுன்னு கிளாஸ் மேடம் சொல்லிட்டாங்கடா.

ஜவஹர்: ரத்தம் இல்லாத கொலை.

ப்ரியா: அது எப்படி?

ஜவஹர்: கழுத்தை நெரிக்கிறது.

ப்ரியா: யார் கழுத்தை?

ஜவஹர்: அத இன்னும் முடிவு பண்ணல.

நிரஞ்சன்: நாம எடுக்கப் போறது ஒரு த்ரில்லரோட ஆரம்பம் மட்டும்தான். ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள யார் யார் வரான்னு நாளைக்குக் காலையில மேடத்துக்குச் சொல்லணும். முதல்ல கேரக்டரைச் சொல்லு.

ஜவஹர்: ஒரு சைக்கோ. முகமூடி போட்டுக்கினு...

ப்ரியா: எல்லா குரூப்பும் சைக்கோதான். ஸ்நேஹா குரூப்ல ரெண்டு.

ஜவஹர்: இன்னாத்துக்கு ரெண்டு?

ப்ரியா: ரெண்டு பேருக்குமே நடிக்க ஆசையாம்.

நிரஞ்சன்: நமக்கு இடம் இருக்கு. அதுலேர்ந்து யோசிப்போம். தி.நகர்ல ப்ரியாவோட கடை.

ப்ரியா: அப்பா இன்னும் சரின்னு சொல்லல.

ஜவஹர்: மூணு மாடி ஜவுளிக்கடை நைனா! பொம்மைங்களே எவ்ளோ கீது. நடுவுல ஒரு பொம்மை கண்ணு சிமிட்டுது...

ப்ரியா: எங்க பொம்மைக்குத் தலை கிடையாது.

ஜவஹர்: ...அது இன்னும் பயம்.

நிரஞ்சன்: கொலையே வேணாம். ஒரு கல்யாணப் பொண்ணு. முகூர்த்தப் புடவை எடுக்கக் கடைக்கு வரா. எடுத்து முடிக்கறதுக்குள்ள ஆளைக் காணோம்.

ஜவஹர்: டேய்... புல்லரிக்குது பாரு.

ப்ரியா: வேற சொல்லு.

நிரஞ்சன்: ஏன், நல்லா இல்லையா?

ப்ரியா: நடக்காது. எங்க கடையில படிக்கு ஒரு ஆள் நிக்கும். பொண்ணோட வந்த அத்தை, சித்தின்னு ஒரு வேன் ஜனம் சுத்தி உக்காந்திருக்கும். எப்படிக் காணாமப் போவா?

நிரஞ்சன்: கடைக்காரர் பொண்ணே கல்யாணப் பொண்ணா இருந்தா?

ஜவஹர்: அதானே! ஓனர் பொண்ணுக்கு எல்லா வழியும் தெரியும்ல. ஏய், உங்க அக்கா ஒருத்தங்க கீறாங்கன்னு சொன்னியே. அவங்களையே நடிக்கக் கேளேன்.

ப்ரியா: அவ கனடாவுல இருக்கா.

ஜவஹர்: கனடாவுல எங்க?

ப்ரியா: ...கனடாவுலதான்.

நிரஞ்சன்: சரி, அதை விடு. ஓனர் பொண்ணு எப்பப் புடவை எடுப்பா?

ப்ரியா: காலையில, கடை திறந்ததும். முதல் போணியா அதைத்தான் போடுவாங்க. சொந்தக் கடைன்னாலும் பில்லு உண்டு.

ஜவஹர்: பெத்த பொண்ணுக்கு பில்லா?

ப்ரியா: முதல் போணி கடனாப் போகக் கூடாது. போணிக்கு முன்னாடி பூஜை. அப்பா சூடம் காட்டுவாங்க. வேலை பாக்கிற அத்தனை பேரும் கீழ வந்து கும்பிட்டுட்டுத்தான் அவங்கவங்க மாடிக்குப் போகணும்.

நிரஞ்சன்: வாட்ச்மேன்?

ப்ரியா: அவரும்தான்.

ஜவஹர்: அல்லாரும் கண்ணை மூடிக்கினு?

ப்ரியா: சூடம் காட்டினா பின்ன என்ன, முறைச்சா பாப்பாங்க?

நிரஞ்சன்: அப்போதான் போறா.

ஜவஹர்: செம! எந்தப் பக்கமா?

நிரஞ்சன்: சரக்கு ஏத்தற பின்படி. கீழ இறங்கினா ஒரு கதவு. கதவைத் தாண்டினா சந்து.

ப்ரியா: அது இரும்புக் கதவு. திறந்தா தெருவே திரும்பிப் பாக்கும்.

நிரஞ்சன்: அந்த நேரத்துல மணி அடிப்பாங்க இல்ல?

ப்ரியா: ...அடிப்பாங்க.

ஜவஹர்: கதவு சத்தம் கேக்காது! மச்சி, நீ எங்கியோ போயிட்ட. எழுதிக்கோ. ஒண்ணு, பொண்ணு. ரெண்டு, சூடம் காட்டற அப்பன். மூணு, வெளிய வெயிட் பண்ற பையன். அது நான்.

நிரஞ்சன்: பையன் ஆட்டோவுல உக்காந்திருக்கான். எதிர்ல பால் க்ரேட் அடுக்கி வெச்சிருக்கு. அதுமேல ஒரு பூனை தூங்கறது. அவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்ச் பாக்கறான், பூனை அசையவே இல்ல.

ப்ரியா: என்ன நிறம்?

நிரஞ்சன்: எது?

ப்ரியா: பூனை.

நிரஞ்சன்: ...பழுப்பு.

ஜவஹர்: பூனைய விடுங்கப்பா. நாலாவது யாரு?

நிரஞ்சன்: மணி அடிக்கிறவ.

ப்ரியா: அது ஒரு கேரக்டரா? யாராவது அடிப்பாங்க.

நிரஞ்சன்: அடிக்கிறவ அப்பா பக்கத்துல நின்னு, கூட்டத்தைப் பாத்துதான் அடிப்பா. கூட்டத்துக்குப் பின்னாடி அந்தப் படி. கடையில கண்ணைத் திறந்து வெச்சிருக்கறது அவ ஒருத்திதான்.

ஜவஹர்: அவ பாத்துட்டாளா இல்லியா?

நிரஞ்சன்: அதான் எனக்கும் தெரியல.

ஜவஹர்: எழுதறவனுக்கே தெரியலன்னா? இரு... டீ இல்லாம மண்டை வேல செய்யல. இந்தக் கேண்டீன்ல க்யூ வேற. மூணு டீ வாங்கியாறேன். வர்ற வரைக்கும் கதைய மாத்தாதீங்க.

ப்ரியா: கடை பாக்க வந்தப்ப உனக்கு முன்வாசல் மட்டும்தான் காட்டினேன்.

நிரஞ்சன்: ஆமா.

ப்ரியா: பால் க்ரேட் உனக்கு எப்படித் தெரியும்?

நிரஞ்சன்: மேப்புல... புதுசா போட்டோ போட்டிருந்தான்.

ப்ரியா: அந்தப் பூனை செத்து ஒரு வருஷம் ஆச்சு நிரஞ்சன். சொல்லு.

நிரஞ்சன்: உங்க அக்காவுக்காக ஆட்டோவுல உக்காந்திருந்தது சாய்சரண். எங்க பெரியப்பா பையன். பக்கத்துல நான். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக்கு ஆள் வேணும்னான். நான் கையெழுத்துப் போட்டது எங்காத்துல இன்னும் யாருக்கும் தெரியாது.

ப்ரியா: ஒரு வருஷமா ஒரே கிளாஸ்ல உக்காந்திருக்கோம்.

நிரஞ்சன்: நீ அவ தங்கைன்னு மொதல்ல தெரியாது. கடை பேரைச் சொன்னியே, அன்னிக்குதான் தெரிஞ்சுது.

ப்ரியா: அக்கா எங்க இருக்கா?

நிரஞ்சன்: காந்தி நகர்ல. இங்கேர்ந்து நடந்தே போகலாம்.

ப்ரியா: ...அடையாறு காந்தி நகரா?

நிரஞ்சன்: கனடாவுல காந்தி நகர் இருக்கான்னு தெரியாது.

ப்ரியா: சிரிக்க வைக்காத. நல்லா இருக்காளா?

நிரஞ்சன்: நன்னா இருக்கா. ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறா. எங்களவா ரசம் மட்டும் இன்னும் பிடிக்கலையாம்.

ப்ரியா: என் நம்பர் மாறவே இல்ல. அவளுக்காகத்தான் மாத்தாம வெச்சிருக்கேன். ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவ கூப்பிட்டிருக்கலாம்ல? ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

நிரஞ்சன்: அவளுக்குப் பயம். நின்னுபோன கல்யாணத்தோட அப்பாவை உன் தலையில கட்டிட்டுப் போயிட்டா. நீ போனை எடுத்து, யாருன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம்.

ப்ரியா: லூசு.

நிரஞ்சன்: அன்னிக்கு மணி நிக்கவே இல்லையாம். அவ படி இறங்கி, தாழ்ப்பாளோட மல்லுக்கட்டி, கதவைத் திறந்து வெளிய வர வரைக்கும் அடிச்சுண்டே இருந்துதாம். கதவை மூடினாளாம், நின்னுடுத்தாம். நீ பாத்துட்டு அடிச்சியா, இல்ல எப்பவும் போல அடிச்சியான்னு அவளுக்குத் தெரியணும். பாத்துட்டுதான் அடிச்சேன்னு நீ சொன்னா, உனக்குக் கோவம் இல்ல, கூப்பிடலாம்ங்கறா. இல்லேன்னா கூப்பிட மாட்டாளாம். என்னைக் கேட்டுண்டு வரச் சொன்னா.

ப்ரியா: அதுக்கு ஒரு சினிமாவே எடுக்கணுமா? நேராக் கேக்க வேண்டியதுதானே.

நிரஞ்சன்: நேராக் கேட்டா கனடான்னு சொல்லுவே.

ஜவஹர்: டீ, டீ, டீ! சூடா கீது, பாத்துப் பிடி. இன்னா ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வெச்சுக்கினு? கதைய மாத்திட்டீங்களா?

நிரஞ்சன்: மாத்தல.

ஜவஹர்: அந்த மணி மேட்டர் இன்னா ஆச்சு? அவ பாத்தாளா இல்லியா?

ப்ரியா: பாத்தா.

ஜவஹர்: சூப்பர். எப்பத்லேர்ந்து தெரியும் அவளுக்கு?

ப்ரியா: மொத நாள் ராத்திரிலேர்ந்து. கல்யாணப் பொண்ணு துணி மடிச்சுப் பையில போட்டுக் கட்டில் அடியில வெச்சதைப் பாத்துட்டுத் தூங்கற மாதிரி படுத்திருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்.

ஜவஹர்: ஆனா அவளுக்கு டயலாக் இல்லியே. தெரிஞ்சுதான் அடிக்கிறான்னு ஆடியன்ஸுக்கு எப்படிக் காட்டறது?

ப்ரியா: சூடம் அணைஞ்சிடுது. அப்பா தட்டைக் கீழ வெச்சிடறாங்க. அவ இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கா. அது வெங்கல மணி, செம கனம். அப்பா 'போதும்மா'ங்கறாங்க. கேக்காத மாதிரி கை மாத்தி அடிக்கிறா. எல்லாரும் கண்ணைத் திறந்து அவளைத்தான் பாக்கறாங்க. பின்னாடி யாரும் திரும்பல.

ஜவஹர்: ஐயோ, இது நல்லா கீதே! அப்புறம் கதவு மூடுது, மணி நிக்குது, டைட்டில்! கடைசியா அவளுக்கு ஒரு க்ளோஸப் வெக்கலாமா? மூஞ்சில இன்னா எக்ஸ்பிரஷன்?

நிரஞ்சன்: அவ என்ன சொல்லுவான்னு தெரிஞ்சா போதும். ப்ரியா... நான் என்னன்னு சொல்லட்டும்?

ப்ரியா: மணி அடிச்சதுல ரெண்டு நாள் கை தூக்கவே முடியலன்னு சொல்லு. தலை பின்னி விடறவளும் வீட்ல இல்ல.