வெட்டுன கிளை காயணும்

எனக்கும் இன்னைக்கு அசதிதான்... தொண்டையும் கட்டிக்கிட்டு வருது. பெரிய பிரசங்கம்லாம் வேண்டாம். ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு உக்காந்துடுறேன்.

நான் முன்னால இருந்த ஊர்ல லில்லி ஃப்ளாரன்ஸ்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரர் ஒரு ஜேட் செடி வச்சிருந்தார். தெரியுமில்ல? தடிச்ச இலை, கிள்ளுனா தண்ணி கசியும். அவர் அதுக்கு நெனப்பு வந்தாத்தான் தண்ணி ஊத்துவார். அதுபாட்டுக்கு நல்லா வளந்துச்சு.

ஒருநாள் மனுஷன் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தவர்... அப்படியே சாஞ்சுட்டார். முடிஞ்சுது.

அடக்கம் முடிஞ்ச மறுவாரமே சபையிலருந்து அக்காமாரு வந்துட்டாங்க. "லில்லி, சும்மா உக்காந்தா நெனப்பு வரும். அசன விருந்து வருது, சமையல் பொறுப்பை நீ எடுத்துக்கோ. ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கறதையும் விட்டுறாத."

நல்ல மனசோடதான் சொன்னாங்க. இல்லன்னு சொல்லல. லில்லியம்மாவும் போனாங்க. ஓடுனாங்க. வீட்டுக்கு வந்தா அந்தச் செடி. அவர் வச்ச செடி... இதுவும் செத்துறக் கூடாதுன்னு தினமும் அரிசி கழுவுன தண்ணியை ஊத்துனாங்க.

செடி என்னாச்சு? காடா மண்டிப்போச்சு. பாரம் தாங்காம ஜன்னல் பக்கம் சாஞ்சுது. சேலைக் கரையைக் கிழிச்சுக் கம்பியில கட்டி வச்சாங்க. அடியில இலையெல்லாம் கொழகொழன்னு உதிருது.

புனேல இருக்க மக ஷெர்லின் போன்ல பாத்துட்டுச் சொல்றா: "அம்மா, கிளையைக் கழிச்சு விடுங்கம்மா. பாதி இருந்தாத்தான் பொழைக்கும்."

"உங்கப்பா தொட்ட கிளை பிள்ள அது. என் கையால வெட்டச் சொல்லுதியா?"

ஆனா வேற வழியில்ல. அரிவாமனையை எடுத்து அழுதுக்கிட்டே வெட்டுனாங்க. வெட்டுன கிளையில கண்ணுல பட்டதையெல்லாம் அன்னைக்கே தொட்டியில நட்டு, தளும்பத் தளும்பத் தண்ணி ஊத்துனாங்க. சும்மா கெடந்தா வாடிருமாம்... 

பொழச்சுதா? அத்தனையும் அழுகிப்போச்சு.

அதைப் பாத்த மறுநாள் ஞாயித்துக்கிழமை. காலையில லில்லியம்மா எந்திரிக்கல. சபையிலருந்து போன் அடிக்குது. "லில்லி, எல்லாரும் வந்தாச்சு, உன்னைக் காணோமே?"

"நான் வரல அக்கா. எனக்கு முடியல."

அவர் போனதுக்கப்புறம் அந்தம்மா யார்கிட்டயும் சொல்லாத வார்த்தை அது. போனை வச்சுட்டுப் படுத்தாங்க. அழுதாங்க. தூங்குனாங்க. எந்திரிச்சுத் திரும்பவும் அழுதாங்க. சமைக்கல. மக பதறிப்போய்க் கேக்குறா, "என்னம்மா பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல பிள்ள. சும்மா கெடக்கேன்."

அப்படியே ரொம்ப நாள் போச்சு. ஒருநாள் கொஞ்சம் தெம்பு வந்து வீட்டைக் கூட்டுறாங்க. வாஷிங்மெஷின் பின்னாலருந்து வாரியலோட ஒரு கிளை வருது. வெட்டுன அன்னைக்கு உருண்டு போனது. மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல. இலையெல்லாம் சுருங்கிக் கெடக்கு. வெட்டுன வாய் காஞ்சு மூடியிருக்கு. அந்த வாயிலருந்து... வெள்ளையா, முடி மாதிரி வேர்.

லில்லியம்மா அதைக் கையில வச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டாங்களாம்.

ஏன் பொழச்சுது? அதுகிட்ட யாரும் அன்பு காட்டாததாலயா? இல்லங்க... வெட்டுன வாயில யாரும் தண்ணி ஊத்தல. அவ்வளவுதான். அந்தச் செடிக்கு வெட்டுன இடம் மொதல்ல காயணும். அதுக்கப்புறந்தான் மண்ணு, தண்ணியெல்லாம்.

நாம என்ன செய்யுறோம்? வீட்டுல ஒரு சாவு விழுந்தா, அந்த ஈரம் காயறதுக்குள்ள, "மனசைத் தேத்திக்கிட்டு வேலையைப் பாரு"ங்கிறோம். சபைக்கு வா, பாட்டுக்கு வா, பாத்திரம் கழுவ வா... ஆறுதல்னு நெனச்சுக்கிட்டு ஊத்துறோம். ஊத்திக்கிட்டே இருக்கோம். அவங்களும் நம்ம மனசு நோகக் கூடாதேன்னு சிரிச்சுக்கிட்டே உள்ள அழுகுறாங்க. எனக்கு இதைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுங்க.

இந்தக் கூட்டத்துலயும் அப்படி யாராவது இருப்பீங்க. யாருன்னு நான் கேக்கல. வீட்டுக்குப் போங்க. படுங்க. ஆண்டவர் ஒண்ணும் வருகைப் பதிவு எடுக்க மாட்டார்.

இப்ப எல்லாரும் எந்திரிச்சுப் பாடப் போறோம். முடியாதவங்க... உக்காந்தே இருங்க. யாரும் திரும்பிப் பாக்காதீங்க.