சொல்ல வேண்டியது என் பொறுப்பு

கூட்டத்துக்கு எப்போதும் வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் நாற்காலி போட வேண்டும். நூறு பேர் வருவார்கள் என்றால் எழுபது போதும். மீதிப் பேர் சுவரோரமாக நிற்பார்கள். புகைப்படத்தில் அரங்கம் நிரம்பி வழிவதுபோல் தெரியும். உட்கார இடம் கிடைத்தவர்களும் பாதியில் எழுந்து போகக் கூச்சப்படுவார்கள். இதையெல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. நானாகக் கற்றுக்கொண்டது.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். வார்த்தைதான் என் பிழைப்பு, அதனால் எனக்கொன்றும் சிரமமில்லை. ஒரு சுற்றுச்சூழல் அமைப்பில் மக்கள் தொடர்புக்கும் செய்திப் பிரிவுக்கும் நான் தலைவி. ஆய்வுப் பிரிவு தண்ணீரையும் மண்ணையும் சோதிக்கும். கண்டதை ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் பிரிவின் வேலை. நான் வருவதற்கு முன்னால் அங்கே ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை ஆய்வுப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைக்காட்சியில் போய் உட்கார்ந்து, "ஆபத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்ல, இரண்டு வருட உழைப்பு ஒரே மாலையில் நாசமாய்ப் போனது. நான் வந்ததும் ஒரு விதி கொண்டுவந்தேன். வெளியாட்களிடம் எது சொல்வதானாலும் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். காதில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் போய் நெடுங்காலம் ஆகிறது. செத்துப் போகவில்லை, வேறு வீட்டுக்குப் போனார். நாள் முழுக்க ஊரோடு பேசிவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை அலுவலகக் காவலாளிக்கு வணக்கம் சொல்லும்வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு பெரிய கோழிப்பண்ணை. அதன் கழிவுக் குட்டைகளுக்குக் கீழே சரிவில் ஒரு குடியிருப்பு. குட்டையின் கசிவு கிணறுகளில் இறங்குகிறது என்று எங்களுக்குச் சந்தேகம். பண்ணையோ இரண்டு மடங்காகப் பெருக்க அனுமதி கேட்டிருந்தது. வட்டார சபை வாக்கெடுப்பு நடத்தவிருந்தது. ஆய்வுப் பிரிவு கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துப் போனது. நான் ஒரு முகத்தைத் தேடிப் போனேன். வெறும் எண்களைக் காட்டினால் சபையில் கொட்டாவி விடுவார்கள். ஒரு முகத்தைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படித்தான் தையல்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள் கணவன் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருப்பதே அபூர்வம். ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் பக்கத்தில் துணிக்கூடையில் ஒரு கைக்குழந்தை. கன்னமும் தொடையுமாக உருண்டையாக இருக்கும். பூசணி என்றுதான் கூப்பிடுவாள். தாய்ப்பால் போதாமல் டின் பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வித்தாளை எடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

யாராவது என்னிடம் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. இல்லை என்று உண்மையைச் சொன்னேன். தட்டு வைத்தாள்.

பேட்டி எடுக்க, படம் எடுக்க, பேட்டியில் சொன்னதைச் சரிபார்க்க என்று ஏதாவது ஒரு சாக்கில் போய்வரத் தொடங்கினேன். அவள் தைத்துக்கொண்டே பேசுவாள். கல்யாணத்துக்கு முந்தைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துவிட்டு, இறுக்குகிறது என்று சண்டைக்கு வரும் வாடிக்கைக்காரியைப் போலவே நடித்துக் காட்டுவாள். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். பூசணி என் மடியில் தூங்கிப்போகும். தூங்கும்போது என் விரலைப் பிடித்துக்கொள்ளும். கிளம்பும்போது என் உடையெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிடாமலே வீட்டுக்குப் போவேன்.

பிறகு சோதனை முடிவு வந்தது. வேதியியலாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அதிகம் பேசாத மனிதர். பல கிணறுகளில் நைட்ரேட் உப்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது, தையல்காரி வீட்டில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை.

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது மேடம். பவுடர்ல கலந்து குடுத்தா கைக்குழந்தைக்கு ஆபத்து. ரத்தம் பிராணவாயுவ எடுத்துக்காது. உதடு நீலமாகும், அப்புறம் மூச்சு. இன்னிக்கே வேற தண்ணிக்கு மாறச் சொல்லணும். நான் வேணா போன் பண்ணட்டுமா?"

"சொல்ல வேண்டியது என் பொறுப்பு," என்றேன். "நான் பாத்துக்கறேன்."

எங்கள் தொழிலில் எம்பார்கோ என்று ஒரு வழக்கம் உண்டு. செய்தியை நிருபர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். இன்ன நாளுக்கு முன்னால் வெளியே விடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்வோம். அந்த நாள்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. சபை கூடுவதற்குச் சற்று முன்னால் எங்கள் வெளியீட்டு நாளைக் குறித்திருந்தேன். அதற்குள் தையல்காரிக்குச் சொன்னால் அவள் பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள். பொழுது சாய்வதற்குள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். பண்ணைக்காரர்கள் உடனே தண்ணீர் லாரி அனுப்புவார்கள், லாரிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள், சபை அவர்களுக்கே வாக்களிக்கும். பிறகு அந்தச் சரிவில் பிறக்கப்போகும் எத்தனையோ குழந்தைகள் அதே தண்ணீரைக் குடிக்கும். நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள், இதில் பிசகு எதுவும் இல்லை.

ஆனாலும் சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் வாயெடுப்பதற்குள் அவள் தன் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவன் தொலைவில் வேறு நகரத்தில் இருக்கிறான், வந்துவிடு வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். "இங்க ஏதாவது ஒண்ணுன்னா மெஷினத் தூக்கி வண்டியில போட்டுட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்க்கா," என்றாள். பூசணி என் மடியில் இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடு என்றேன். தலையாட்டினாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் வேதியியலாளர் நடைவழியில் நிறுத்தி, சொல்லியாச்சா என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் இல்லையா என்று பேச்சுவாக்கில் விசாரித்தேன். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், கொதிக்கக் கொதிக்க இன்னும் மோசம்தான் என்றார். அடுத்த முறை போனபோது தையல்காரி, அக்கா சொன்னதாயிற்றே என்று பாத்திரத்தில் பாதி சுண்டும்வரை கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் ஏன் என்று கேட்பாள்.

முடிவு வந்த நாளிலிருந்து நான் அந்த வீட்டில் தேநீர் குடிப்பதை விட்டுவிட்டேன். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தேதான் விட்டேன். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று சமாளித்தேன். மறுமுறை எனக்கென்று தனியாகச் சர்க்கரையில்லாமல் போட்டு வைத்திருந்தாள். அவள் பின்பக்கம் போன சமயம் பார்த்து அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன்.

சுவரொட்டிக்கான படங்களோடு புகைப்படக்காரர் வந்தார். கிணற்றடியில் தாய், இடுப்பில் குழந்தை. "குழந்தை உதடு நீலமா அடிக்குது மேடம். வெளிச்சம் சரியில்லபோல. கலர் மாத்திடட்டுமா?" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். படம் எடுத்தபோது கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டியது நான்தான். அந்தப் படத்தில் பூசணி பார்ப்பது என்னை. அதில் கைவைக்க எனக்கு மனமில்லை.

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். எப்படியும் எங்கள் இயக்குநர் உங்களிடம் சொல்லியிருப்பார். முடிவு வந்த அதே வாரத்தில் அவர், எல்லாம்தான் தயாராக இருக்கிறதே, வெளியீட்டை உடனே வைத்துவிடலாமே என்று கேட்டார். நிருபர்களும் தயார். சபைக்கு யோசிக்க அவகாசம் கிடைப்பது நல்லது என்பது அவர் கட்சி. இன்னும் சில பேட்டிகள் பாக்கி இருக்கின்றன என்று நான் மறுத்துவிட்டேன். பாக்கி எதுவும் இல்லை. வெளியீடு முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பலமுறை பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் என்னைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், கொஞ்ச நாள் போன் செய்வார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தையல்காரி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தக் கதவைத் தட்ட எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. தனிமையாக இருந்தது, அவ்வளவுதான். அதை ஒரு காரணமாக நான் அப்போது நினைக்கவில்லை.

வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது. ஒரு காலையில் போன் வந்தது. கணவனுக்கும் அண்ணனுக்கும் முன்னால் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா. கையெல்லாம் ஒரு மாதிரி இருக்கு. வாங்கக்கா."

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மருத்துவமனைக்கு என் காரில்தான் போனோம். குழந்தை மருத்துவர் ஒரு பெண், சின்ன வயது. இருதயத்தில் கோளாறோ, நுரையீரலோ என்று சந்தேகப்பட்டாள். பால் எதில் கலக்கிறீர்கள் என்று கேட்டாள். நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று தாய் சொன்னாள். மருத்துவர் தலையாட்டிவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டாள். அந்த ஒரு உப்பின் பெயரை நான் சொல்லியிருந்தால் போதும். அதற்கு மாற்று மருந்து அந்தக் கட்டிடத்திலேயே இருந்தது என்று இப்போது நீங்கள் சொல்கிறீர்கள். மாற்று மருந்து உண்டென்று எனக்கு அன்றைக்கே தெரியும். அறிக்கையில் சிகிச்சை பற்றி வரும் கடைசிப் பகுதியை எளிய மொழியில் திருத்தி எழுதியதே நான்தான்.

எம்பார்கோவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. தையல்காரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பேசினால், எனக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், கையை விட்டுவிடுவாள். சாயங்காலம்வரை அவள் விடவில்லை. சாயங்காலம் பூசணி இறந்துபோனாள்.

வெளியீட்டை நான் ஒத்திவைக்கவில்லை. அரங்கத்தில் நிற்கக்கூட இடமில்லை. சுவரில் அந்தப் படம். தையல்காரி மேடையில் என் தோளில் சாய்ந்து நின்றாள். அவளைப் பேசச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. சபை பண்ணைக்கு எதிராக வாக்களித்தது. குட்டைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இன்றைக்கு அந்தச் சரிவில் எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் போகிறது. இதையும் நீங்கள் உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் கலைந்தபோது வேதியியலாளர் துக்கம் விசாரிக்க அவளிடம் போனார். அவளிடம் பேச அவருக்கு அதற்குமுன் அனுமதி இருந்ததில்லை. மாற்றுத் தண்ணீர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவளுக்கு விளங்கவில்லை. அக்கா கொதிக்கவைக்கத்தானே சொன்னாங்க என்றிருக்கிறாள். நான் அரங்கத்தின் மறுகோடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆகவே, ஆம். எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். காப்பாற்ற முடியும் என்பதும் தெரியும். சொல்லாமல் இருந்தது நான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. அவள் அண்ணன் வீட்டு முகவரி உங்களிடம் இருக்கும். நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை, அதிர்ச்சியில் இருக்கிறாள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவளைத் தனியாக விடக் கூடாது. பூசணியைப் பற்றிப் பேச அவளுக்கு யாராவது வேண்டும், குழந்தையைத் தூக்கி வளர்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானே.