இன்னொரு மகன்

முதலில் உட்காருங்கள், பொன்னுதுரை அண்ணே. புக்கிட் பாருவிலிருந்து இந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறீர்கள். காப்பித்தூள் எங்கும் கிடைப்பதில்லை. சோளத்தை வறுத்துத்தான் போட்டிருக்கிறேன். குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் மருமகனை ஜப்பான்காரன் பிடித்துப் போய்விட்டதாக உங்கள் மகள் அஞ்சலை சொல்லி அனுப்பியிருப்பாள். அவன் பிடிக்கவில்லை. நான் அனுப்பினேன்.

சேதுராமன் எனக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா போனபிறகு வீடுவீடாகத் துணி துவைத்து அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாவான் என்றுதானே நீங்களும் பெண் கொடுத்தீர்கள்? இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

வெள்ளைக்காரன் ஓடினான். அதனால் என்ன? ஜப்பான்காரன் ஆபீஸிலேயே கிராணி வேலை வீடு தேடி வந்தது. மேசை, நாற்காலி, அரிசி எல்லாம் உண்டு. இவன் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பி வந்தான்.

"சயாம் ரயில் ரோட்டுக்கு ஆள் புடிக்கிற ஆபீஸும்மா. போனவன் எவனும் திரும்பி வரல. நம்ம ஆளுங்க பேரை நானே எழுதிக் குடுக்கணுமாம். எனக்கு வேணாம்."

புக்கிட் காதிலில் ஒரு தரிசைக் கொத்தி மரவள்ளி போட்டான். விளைந்ததும் அவித்துக் கொண்டுவந்து, இதே காஜா பெராங் சாலையோரம் குந்தி விற்றான். இப்படியொரு மகன் தங்களுக்கு இல்லையே என்று ஏங்கிய பெண்களே அவனிடம் வாங்கினார்கள். "ஒங்க மகன் கெழங்கு நல்லா வெந்திருக்கு, ருக்மணியக்கா" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். நான் பட்டினி கிடக்கவில்லை, உண்மைதான். அவன் கிழங்கைத்தான் தின்றேன். யாரும் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன்.

அந்த ஆபீஸில் மொழிபெயர்க்கும் கணேசமூர்த்தி வீட்டில் நான் துணி துவைக்கிறேன். நல்ல மனிதர். திடலில் அரிசி கொடுப்பதாகக் கூப்பிட்டு, வருகிறவர்களை லாரியில் ஏற்றப் போகிறார்கள், சேதுவை வெளியே விடாதீர்கள் என்று எனக்கு முன்னதாகவே சொன்னார்.

அன்று காலை மகன் கையில் பையைக் கொடுத்தேன். "சோறு தின்னு ரொம்ப நாளாச்சுப்பா. திடல்ல அரிசி குடுக்கிறாங்களாம், வாங்கிட்டு வா" என்றேன். நான் கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை, அந்த வேலையைத் தவிர.

பின்னாலேயே நானும் போனேன். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். லாரியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டான். "அம்மா, கிட்ட வராதீங்க, வீட்டுக்குப் போயிருங்க" என்று கத்தினான்.

கணேசமூர்த்தி ஓடி வந்தார். "அதிகாரிகிட்ட பேசிட்டேம்மா. வேற பிள்ளை இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எறக்கிவுட்டுருவாரு."

அதிகாரிக்கு மலாய் புரியும். அவர் முகத்தைப் பார்த்து மலாயிலேயே சொன்னேன், வீட்டில் இன்னொரு மகன் இருக்கிறான் என்று.

அது பொய்யில்லை, அண்ணே. வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி நான் வளர்த்த பிள்ளை ஒருவன் இருந்தான். அவனைத் தின்றுவிட்டுச் சாலையோரம் வந்து குந்தினவனைத்தான் அனுப்பினேன். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அழாதீர்கள். அஞ்சலையை அழைத்துப் போங்கள், தடுக்கமாட்டேன். அவள் வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் மட்டும் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியும்.