ஆள் புழங்காத ரூம்

இல்ல ஈஸ்வரி, அந்த பெஞ்சுல மட்டும் ஒம்பிள்ளைய உக்கார வைக்காத. எந்திரிக்கச் சொல்லு. வெளிய டோக்கன் குடுக்குற எடத்துல ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும். அழுதா அழுகட்டும். மொத எந்திரிக்கச் சொல்லு, பெறகு பேசுவோம்.

ம்... இப்பக் கேளு. மொதலாளி சாப்பிடப் போயிருக்காரு, வர மூணு மணியாகும். ஒனக்கு வேல சொல்லிக் குடுக்கத்தான் என்னைய வரச் சொன்னாரு. வேல ஒண்ணும் பெருசில்ல. எக்ஸ்ரே எடுக்க வாரவுகள நகை நட்டு கழட்டச் சொல்லணும், கட்டில்ல படுக்க வைக்கணும். கைப்பிள்ளையா இருந்தா ஆடாம பிடிச்சுக்கிறணும். பிடிக்கும்போது இந்த ஈயக் கோட்ட மாட்டிக்க. தோளு வலிக்கும், வலிச்சா வலிக்கட்டும். நானும் ஏழு வருசம் மாட்டுனேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பாக்குறேல்ல, கல்லு மாதிரி நிக்கிறேன்.

அந்த பெஞ்சுக்குப் பின்னாடி இருக்குறத செவருன்னு நெனச்சியா? தட்டிப் பாரு. பலகை. பெயிண்ட் அடிச்சிருக்காக, அம்புட்டுதான். அந்தப் பக்கம் மிசின். முன்ன ஒரே ரூமாத்தான் இருந்துச்சு, சாமான் வைக்க எடம் வேணும்னு குறுக்க தடுத்தாக. ஈயத்தகடு வச்சு அடிக்கணும் சார்னு வினோத்குமார் தம்பி, முன்ன இங்கன எக்ஸ்ரே எடுத்துச்சே அது, எத்தனையோ தடவ சொல்லுச்சு. பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டாரு மொதலாளி. மிசின்ல இருந்து வர்ற கதிரு கண்ணுக்குத் தெரியாது, சுடாது, நாறாது. எவனுக்கு அவசரம்?

யேய், அதுக்காக நீ பயந்துறாத. கை ஒடஞ்ச பிள்ளைக்கு டாக்டரு படம் எடுக்கச் சொன்னா எடுத்துத்தான் ஆகணும். அது ஒரு நிமிசம். என் பிள்ள அந்த பெஞ்சுலயே வளந்துச்சு.

ஆமா, எனக்கு ஒரு மக. உமாமகேஸ்வரி. அவுக அப்பா திருப்பூருல, ஊரு சாயல்குடிக்கு அங்கிட்டு. யாருகிட்ட விட்டுட்டு வர? இங்கனயே ராம்நாட்டுல ஒண்ணாப்பு சேத்தேன். பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கன வந்துருவா. அதுலதான் வீட்டுப்பாடம், அதுலதான் தூக்கம். லீவுன்னா காலையில இருந்து. மூணு வருசம். நாளைக்கு அறுவது எழுவது படம் எடுப்பாக. நான் உள்ள கோட்டு மாட்டிக்கிட்டு ஊராரு பிள்ளைகளப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவ அங்கிட்டு பலகையில சாஞ்சு வாய்ப்பாடு படிச்சா.

நாலாப்புல கால்ல நீலம் நீலமா வந்துச்சு. வீட்டுல அடிச்சீகளான்னு டீச்சர் என்னையக் கேட்டாக. பெறகு விடாம காய்ச்சல், பல்லு வெளக்குனா ரத்தம். மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனேன். ரத்தத்துல புத்துநோயின்னாக.

டாக்டரம்மாகிட்ட கேட்டேன், கேக்காம இருப்பேனா? இப்படி இப்படி, பிள்ள அங்கன உக்காந்திருந்துச்சும்மா, அதனாலயான்னேன். வளர்ற ஒடம்பும்மா, பெரியவுகள விட பிள்ளைகளுக்குத்தான் அது கெடுதல், ஆனா எந்தக் கதிரும் படாத பிள்ளைக்கும் இந்த நோவு வருது, இதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னாக. நல்ல மனுசி, பொய் சொல்லல. ஆனா யாரத் திட்டணும்னு தெரியாம போச்சு பாரு எனக்கு.

இப்பவா? இப்ப இல்ல. தை மாசம் போயிட்டா. ஒம்பது வயசு.

நீ அழுகாத. ஒம்பிள்ள பாக்குது.

சும்மாவா விட்டோம்? உமா ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே வினோத்குமார் மனு எழுதிப் போட்டுருச்சு. மெட்ராஸ்ல இருந்து ரெண்டு ஆபீசரு கையில கதிரு அளக்குற மிசினோட வந்தாக. பலகையத் தட்டிப் பாத்தாக, அளந்து பாத்தாக. இந்த ரூம்புல ஆளு உக்காருவாகளான்னு கேட்டாக. சாமான் ரூம்பு சார், ஆளே புழங்குறதில்லன்னாரு மொதலாளி. பிள்ள உக்காந்துச்சு சார்னு வினோத்குமார் கத்துச்சு. சாட்சி வேணும்னாக. ஆளு புழங்காத ரூம்புன்னா தகடு வேணாமாம். அப்படியே எழுதிக்கிட்டுப் போனாக. அதான் இன்னைக்கும் பலகை நிக்கிது. பொய்ப் புகாருன்னு அந்தத் தம்பி வேலையும் போச்சு.

சாட்சியா?

சாட்சி இருந்துச்சு. நான்தான். மொதலாளி போன் பண்ணாரு, மதுரையில இருந்து பஸ் ஏறி வந்தேன். ஆபீசரு என் மொகத்தப் பாத்துத்தான் கேட்டாக, உங்க பிள்ள இங்கன உக்காந்துச்சாம்மான்னு. ஆமான்னு சொன்னா அடுத்து, உக்கார வச்சது யாருன்னு கேப்பாகல்ல. அதுக்கு என்னத்தச் சொல்ல? இல்ல சார், எம்பிள்ள இங்கன வந்ததே இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிட்டேன். யாரும் என் கையப் பிடிச்சுப் போட வைக்கல தாயி.